முதலில் செய்தி, பிறகு கருத்து: அறிவியல், தொழில்நுட்பச் செய்திகளை அலசிப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மட்டக்களப்பு ஆரையம்பதியில் இருக்கும் என் மாமி ஓர் இரவு தன் கைத்தொலைபேசியை அணைத்து, பொலித்தீன் பையில் சுற்றி, கிணற்றடியில் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து படுத்தார். அன்று மாலை அவருடைய வட்ஸ்அப்புக்கு வந்திருந்த செய்தி இது: "இன்று இரவு 12.30 முதல் 3.30 வரை விண்வெளியிலிருந்து ஆபத்தான கதிர்கள் பூமிக்கு மிக அருகே வருகின்றன. கைத்தொலைபேசியை அணைத்து உடலுக்குத் தூரமாக வையுங்கள். நாசாவும் பிபிசியும் அறிவித்துள்ளன." கட்டாரில் வேலை செய்யும் மகன் இரவு முழுவதும் எடுத்துப் பார்த்தும் தொடர்பு கிடைக்கவில்லை. தாய்க்கு என்ன ஆனதோ என்று பயந்து இரண்டு மணிக்கு என்னை எழுப்பினான். நான் கல்லடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்க் கதவைத் தட்டினேன்.

மாமி முப்பது வருடம் பாடசாலையில் படிப்பித்தவர். பேப்பர் படிக்காமல் தேநீர் குடிக்க மாட்டார். அவரையே இப்படி அலைக்கழிக்க ஒரு நான்கு வரிச் செய்தியால் முடிகிறது என்றால், எங்களுக்கு ஒரு முறை வேண்டும் என்று அன்றுதான் தீர்மானித்தேன். ஞாயிறு காலைகளில் ஊர் வாசிகசாலையில் உயர்தர மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேருடன் உட்கார்ந்து, வாரத்துக்கு ஒரு அறிவியல் செய்தியோ தொழில்நுட்பச் செய்தியோ எடுத்து அலசுகிறோம். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். வேண்டியவை ஒரு சி.ஆர். கொப்பி, ஒரு பேனை, இணைய இணைப்புள்ள ஒரு கைத்தொலைபேசி, அரை மணி நேரம்.

முதற்படி: செய்தியை உங்கள் சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள்

யார், என்ன செய்தார்கள், எங்கே, எப்போது. இந்த நான்கும் அடங்கிய ஒரே வாக்கியம். கொப்பியின் இடது பக்கத்தில் அதை மட்டும் எழுதுங்கள். "நல்ல செய்தி", "பயங்கரம்", "மோசடி" என்ற சொல் எதுவும் அந்தப் பக்கத்தில் வரக் கூடாது.

மாமியின் செய்தியை இப்படி எழுதப் போனால் இரண்டாவது சொல்லிலேயே பேனை நின்றுவிடும். யார்? நாசா. நாசாவில் எந்தப் பிரிவு, எந்த அறிக்கை? இல்லை. எப்போது? இன்று இரவு. எந்த இன்று? திகதி இல்லை. திகதி இல்லாததால்தான் இந்தச் செய்திக்குச் சாவே இல்லை. பத்து வருடத்துக்கும் மேலாகப் பல மொழிகளில் இதே நேரக் கணக்குடன் சுற்றிக்கொண்டிருக்கிறது. 12.30 என்பது எந்த நாட்டின் நேரம் என்றும் அதில் இல்லை. அண்டக் கதிர்கள் இரவும் பகலும் பூமிமீது விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. வளிமண்டலமும் பூமியின் காந்தப்புலமும் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. கைத்தொலைபேசியை அணைப்பதால் அதில் எதுவும் மாறாது.

இன்னொன்றும் கவனியுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது என்று வட்ஸ்அப்பே சொல்கிறது. 2020 ஏப்ரலில் இருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மேல் அனுப்ப முடியாது. அந்த அம்புக்குறியைக் கண்டதும் எழுதியவர் யார் என்று பாருங்கள். அனுப்பியவர் உங்கள் அண்ணனாக இருக்கலாம். எழுதியவர் அவர் இல்லை.

இரண்டாம் படி: ஊற்றைத் தேடிப் போங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவாகும். செலவாகட்டும்.

செய்தியில் இருக்கும் அபூர்வமான ஒரு பெயரையோ எண்ணையோ எடுங்கள். பல்கலைக்கழகத்தின் பெயர், பொருளின் பெயர், ஆய்விதழின் பெயர், எது கிடைத்தாலும் சரி. அதை ஆங்கிலத்தில் தட்டித் தேடுங்கள். வருகிறவற்றில் மிகப் பழைய திகதியுள்ளதைத் திறவுங்கள். பெரும்பாலும் மூன்று அடுக்கு இருக்கும்: ஆய்வாளர் எழுதிய கட்டுரை, பல்கலைக்கழகமோ நிறுவனமோ விட்ட ஊடக அறிக்கை, அதைப் பார்த்துப் பத்திரிகையோ யூடியூப்காரரோ எழுதியது. ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு சொல் உதிரும். "எலிகளில்" என்ற சொல்தான் முதலில் உதிர்வது. "இருக்கக்கூடும்" இரண்டாவது.

எங்கள் தெருவில் நீரிழிவு மாத்திரை இல்லாத வீடு குறைவு. ஆகவே "நீரிழிவுக்கு முடிவு வந்துவிட்டது" என்ற தலைப்பு வந்தால் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கேட்க வேண்டிய கேள்விகள் இவை: சோதித்தது மனிதரிலா, எலியிலா, ஆய்வுகூடத் தட்டில் வளர்த்த கலங்களிலா? மனிதர் என்றால் எத்தனை பேர்? மருந்து கொடுக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டார்களா? செலவை ஏற்றது யார்? ஆய்வுச் சுருக்கம் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். அதன் கடைசி இரண்டு வரிகளை அகராதி வைத்தாவது படியுங்கள். இந்தக் கேள்விகளைக் கேட்காத நாடு என்ன ஆகும் என்பதை 2020 டிசம்பரில் கண்டோம். கொரோனாவுக்கு மருந்து என்று கேகாலையில் ஒருவர் கொடுத்த பாணி என்ற பாகுக்காக ஆயிரக்கணக்கானோர், நோய் பரவும் காலத்தில், நெருக்கியடித்து வரிசையில் நின்றார்கள். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அன்றைய சுகாதார அமைச்சருக்கு 2021 ஜனவரியில் கொரோனா உறுதியானது.

ஊற்று கிடைத்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: அதை வேறு யாராவது பரிசோதித்தார்களா? இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். 2023 ஜூலை 22 அன்று தென் கொரிய ஆய்வாளர்கள் இரண்டு கட்டுரைகளை ஆர்க்சைவ் தளத்தில் ஏற்றினார்கள். ஈயம், செப்பு, பொசுபரசு, ஒட்சிசன் சேர்ந்த எல்கே-99 என்ற பொருள் சாதாரண அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்றார்கள். அதாவது மின்னோட்டத்துக்குத் தடையே இல்லை. உண்மையானால் உலகத்தின் மின்கம்பியெல்லாம் மாறும். காந்தத்தின் மேல் ஒரு சிறு கறுப்புத் துண்டு ஒரு பக்கம் தூக்கி நிற்கும் காணொளியும் வந்தது. நான் அதை நான்கு பௌதிகவியல் மாணவர்களிடம் காட்டி, "இந்த நாளை நினைவில் வைத்திருங்கள்" என்றேன்.

ஆர்க்சைவ் முன்பதிப்புத் தளம். துறை தெரிந்த வேறு ஆய்வாளர்கள் படித்துக் கேள்வி கேட்பதற்கு முன்பே கட்டுரையை அங்கே வைக்கலாம். அது தவறான ஏற்பாடு இல்லை. விஞ்ஞானிகள் அப்படித்தான் வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் அங்கே இருப்பதை முடிந்த முடிவாக எடுத்தது என் பிழை. ஆகஸ்ட் நடுப்பகுதிக்குள் பல ஆய்வுகூடங்கள் அதே பொருளைச் செய்து பார்த்தன. ஜெர்மனியில் ஸ்டட்கார்ட்டிலுள்ள மெக்ஸ் பிளாங்க் நிறுவனத்தார் கலப்பில்லாத பளிங்குகளை வளர்த்துப் பார்த்தபோது அது மின்னைக் கடத்தவே மறுத்தது. கலப்பாக இருந்த செப்பு சல்பைடுதான் எல்லோரையும் ஏமாற்றியிருந்தது.

இதற்கு மாறான ஒரு நல்ல உதாரணமும் கொப்பியில் இருக்கிறது. 2011 செப்டம்பரில் ஓப்பெரா பரிசோதனைக் குழு, நியூட்ரினோ என்ற நுண் துகள்கள் ஒளியை விட 60 நானோ செக்கன் முந்தி வருவதாகத் தெரிகிறது என்று அறிவித்து, பிழை எங்கே என்று கண்டுபிடிக்க உதவுங்கள் என்று உலகத்தையே கேட்டது. அடுத்த ஆண்டு காரணம் கிடைத்தது. ஓர் ஒளிநார் வடம் சரியாகப் பொருத்தப்படவில்லை. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டீனின் கோட்பாடு. முதல் அறிவிப்பைக் கண்டதுமே பத்திரிகைகள் "ஐன்ஸ்டீன் தோற்றார்" என்று எழுதின. ஆய்வாளர்கள் அப்படி எழுதவே இல்லை. தலைப்பை எழுதியவரையும் ஆய்வு செய்தவரையும் வேறு வேறாகப் பார்க்க இதைவிடத் தெளிவான சம்பவம் எனக்குத் தெரியாது.

மூன்றாம் படி: எண்ணைக் கழற்றிப் பாருங்கள்

2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, பதப்படுத்திய இறைச்சியைத் தினமும் 50 கிராம் உண்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 வீதம் கூடுகிறது என்றது. புகையிலை இருக்கும் அதே முதலாம் பிரிவில் அதைச் சேர்த்தது. "சொசேஜும் சிகரெட்டும் ஒன்று" என்று செய்தி ஓடியது. பேக்கரியில் சொசேஜ் பணிஸ் வாங்கும் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதை அலசினோம்.

18 வீதம் எதில் 18 வீதம்? நூறு பேரில் ஐந்து பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தில் 18 வீதம் கூடினால் ஏறத்தாழ ஆறு. நூறு பேரில் ஒருவர் கூடுதல். அது சிறியதா பெரியதா என்பது அவரவர் முடிவு. ஆனால் நூறில் பதினெட்டுப் பேர் என்று நினைத்து முடிவெடுக்கக் கூடாது. முதலாம் பிரிவு என்பதற்கும் பொருள் வேறு. "இது புற்றுநோயை உண்டாக்கும் என்பதற்குச் சான்று உறுதியாக உள்ளது" என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்வதில்லை. ஆகவே எந்த வீதத்தைக் கண்டாலும் அடியில் இருக்கும் முழு எண்ணைத் தேடி, கொப்பியில் பக்கத்தில் எழுதுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த வீதத்தை யாருக்கும் சொல்லாதீர்கள்.

நான்காம் படி: கடல் செய்தி என்றால் வரிசையை மாற்றுங்கள்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் கரையோரத்தில் இருப்பவர்கள் ஒரு சந்தர்ப்பத்தில் கைவிட வேண்டும். நிலம் நீண்ட நேரம் அதிர்ந்தால், கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால், அல்லது அரசாங்க எச்சரிக்கை வந்தால், முதலில் நகருங்கள். சரிபார்ப்பதெல்லாம் மேட்டில் நின்று செய்யலாம். நாவலடியிலும் கல்லடித் திருச்செந்தூரிலும் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் 2004 டிசம்பர் 26இல் நாம் இழந்தவர்களை நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

அன்று காலை ஏழு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில் சுமாத்திராவில் நிலம் பிளந்தது. பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையத்தின் முதல் அறிவிப்பில் நிலநடுக்க அளவு 8.0. சிறிது நேரத்தில் 8.5 என்று திருத்தினார்கள். இறுதியாக அறியப்பட்டது 9.1. இந்த அளவுகோலில் ஒரு படி ஏறினால் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு. 8.0க்கும் 9.1க்கும் இடையே ஏறத்தாழ 45 மடங்கு. முதல் எண் எப்போதும் தற்காலிகமானது. அவசர நேரத்தில் பல சமயம் குறைவானதாகவும் இருக்கும். அலை எங்கள் கரைக்கு வர இரண்டு மணி நேரம் வரை இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு என்று ஓர் எச்சரிக்கை ஏற்பாடு இல்லாததால் அந்த நேரம் வீணானது.

2012 ஏப்ரல் 11 பிற்பகல் 2.08க்கு மறுபடியும் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6. எச்சரிக்கை வந்தது. அப்போது கல்லடியில் புதிய பாலம் திறக்கப்படவில்லை. அது 2013இல்தான். பழைய ஒடுங்கிய பாலத்தின் வழியாகவே ஊர் முழுவதும் பட்டினப் பக்கம் போக வேண்டியிருந்தது. அம்மா அடையாள அட்டைகளும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் இருந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குள் சைக்கிள், ஓட்டோ, கைக்குழந்தை, ஆடு எல்லாம் ஒன்றாக நகர்ந்தன. மாலையாகியும் பேரலை வரவில்லை. மறுநாள் தேநீர்க்கடைகளில் "பொய்யாகப் பயமுறுத்தினார்கள்" என்ற பேச்சுக் கிளம்பியது.

அந்தப் பேச்சை நான் இன்றும் ஏற்கவில்லை. எச்சரிக்கை பொய்யாகவில்லை. 2004இல் கடலடித் தட்டு மேலெழுந்து தண்ணீரைத் தூக்கியது. 2012இல் தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன. பக்கவாட்டு நகர்வு தண்ணீரை அவ்வளவாகத் தூக்காது. எந்த வகை நகர்வு என்பது முதல் நிமிடங்களில் உறுதியாகத் தெரியாது. தெரியும்வரை ஊரைக் கரையில் உட்காரவைக்க எந்தப் பொறுப்புள்ள அதிகாரியாலும் முடியாது. அடுத்த தடவையும் அம்மா நடப்பார், நானும் நடப்பேன்.

பகிர்வதற்கு மட்டும் ஒரு விதி: எச்சரிக்கையை வளிமண்டலவியல் திணைக்களம், அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகியவற்றின் அறிவிப்பாக, நேரத்தோடு மட்டும் பகிருங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். "வரும் பதினைந்தாம் திகதி பெரிய நிலநடுக்கம்" என்று நாளும் நேரமும் குறித்து வருவதை அங்கேயே நிறுத்துங்கள். அப்படி முன்கூட்டிச் சொல்லும் ஆற்றல் இன்று உலகில் எந்த விஞ்ஞானிக்கும் இல்லை.

ஐந்தாம் படி: இந்தச் செய்தி யார்மீது கோபப்படச் சொல்கிறது?

2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பிட்ட ஒருவர் கறிக்குள் ஒரு கட்டியைக் கண்டார். மலடாக்கும் மாத்திரை என்று கூச்சலிட்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் பயத்தில் என்ன கேட்கிறார்கள் என்றே புரியாமல் ஆமென்பது போல ஒரு சொல் சொன்னார். அதைக் காணொளியாக்கிப் பரப்பினார்கள். அந்த இரவே பள்ளிவாசலும் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. அம்பாறையில் ஒரு முஸ்லிம் மருந்தகத்தில் பொலிஸார் 23,000 மலட்டு மாத்திரைகளைக் கைப்பற்றினார்கள் என்ற கதையும் பேஸ்புக்கில் ஓடியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அந்தக் கட்டி மாவு. வெறும் கரையாத மாவு.

இதை ஓர் அறிவியல் செய்தியாகவே எங்கள் வகுப்பில் படிக்கிறோம். ஒருவரை ஒரு சாப்பாட்டில் நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை இருக்கிறதா? இல்லை. கருத்தடை மாத்திரை எப்படி வேலை செய்கிறது? ஓமோன்களின் அளவை மாற்றி முட்டை வெளிவருவதைத் தடுக்கிறது, தினமும் எடுக்க வேண்டும், நிறுத்தினால் பழைய நிலை திரும்புகிறது. உயர்தர உயிரியல் படித்த எவருக்கும் இது இரண்டு நிமிட விடை. அந்த இரண்டு நிமிடத்தை அன்று யாரும் எடுக்கவில்லை. 23,000 என்ற எண்ணையும் பாருங்கள். "ஏராளமான" என்று சொல்லியிருந்தால் சிலராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். எண் வந்ததும் நம்பிவிட்டார்கள்.

அடுத்த மாதம் கண்டிக்கு அருகே திகனையில் பெரிய வன்முறை வெடித்து, அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரமளவில் முடக்கியது. 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனம், 2018 வன்முறையில் தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. கடைகளைத் தீக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அது எவ்வளவு ஆறுதல் என்று நான் சொல்லத் தேவையில்லை. கொப்பியில் இந்தப் படிக்கு ஒரு கேள்விதான்: இதை நம்பினால் நான் யார் வீட்டு வாசலில் போய் நிற்பேன்? விடையில் ஓர் இனத்தின் பெயரோ ஒரு மதத்தின் பெயரோ வந்தால், சரிபார்த்து முடியும்வரை அது உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது.

ஆறாம் படி: மென்பொருள் செய்திகள்

இவற்றுக்கு மூன்று கேள்விகள் போதும். நான் அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறேனா? எந்தப் பதிப்பு? இன்று நான் செய்ய வேண்டியது என்ன?

2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை, இலங்கை நேரப்படி காலை 9.39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் பிழையான ஒரு கோப்பைத் தன் வாடிக்கையாளரின் விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. 78 நிமிடத்தில் திருப்பி எடுத்துக்கொண்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத் திரையில் உறைந்தன, விமானங்கள் நின்றன. "ரஷ்யா அடித்துவிட்டது" என்றார்கள், "மைக்ரோசொப்ட் விழுந்துவிட்டது" என்றார்கள். இரண்டும் இல்லை. அந்த நிறுவனத்தின் மென்பொருள் இல்லாத வீட்டுக் கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் இதைவிடப் பயங்கரமான ஒன்று, எக்ஸ்இசட் என்ற சிறு மென்பொருளுக்குள், வெளியார் இரகசியமாக நுழைவதற்கென யாரோ ஒளித்துவைத்த கள்ளக் கதவு, அண்ட்ரெஸ் பிரொயிண்ட் என்ற பொறியியலாளர் உள்நுழைவு அரை செக்கன் தாமதமாவதைக் கவனித்ததால் பிடிபட்டது. அதைப் பற்றி எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் நான் ஒரு வரியும் பார்க்கவில்லை. எது தலைப்பாகிறது என்பதை வைத்து எது முக்கியம் என்று எடைபோடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவு பற்றி வரும் செய்திகளில், பேசுபவர் அதை விற்பவரா என்று மட்டும் முதலில் பாருங்கள்.

ஏழாம் படி: இப்போது கருத்தை எழுதுங்கள், பிறகு திரும்பி வாருங்கள்

கொப்பியின் வலது பக்கம் இதற்காகத்தான் காலியாக இருந்தது. "நான் நினைக்கிறேன்" என்று தொடங்குங்கள். திகதி போடுங்கள். அடியில், எது தெரியவந்தால் என் எண்ணத்தை மாற்றுவேன் என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வராவிட்டால் முதற்படிக்குத் திரும்புங்கள். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தைத் திறந்து, செய்தி என்ன ஆனது என்று தேடுங்கள். பிழையாகியிருந்தால் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய்த் திருத்துங்கள். மாமியின் வட்ஸ்அப் குழுவில் வந்த பிழைக்குத் திருத்தம் அதே குழுவில் போக வேண்டும். "மாமி, இது பொய்" என்று எல்லோர் முன்னும் எழுதாதீர்கள். அவருக்குத் தனியாக எடுத்துப் பேசி, அவர் கையாலேயே திருத்தத்தைப் போடச் சொல்லுங்கள். என் மாமி போட்டார்.

எல்கே-99 விடயத்தில் நான் நான்கு பேரைத் தேடினேன். மூவர் கல்லடியிலேயே இருந்தார்கள். நான்காவது மாணவி அதற்குள் பேராதனைக்குப் போயிருந்தாள். "நான் காட்டிய கறுப்புத் துண்டு மீக்கடத்தி இல்லை, செப்பு சல்பைடு கலந்திருந்தது" என்று எழுதி அனுப்பினேன். இரவே பதில் வந்தது: "அப்படியானால் மின்தடை ஏன் ஒரே இடத்தில் அப்படிச் சட்டென்று விழுந்தது சேர்?"

கட்டுரையை மறுபடி திறந்தேன். தடை விழுந்த இடம் ஏறத்தாழ 104 பாகை செல்சியஸ். செப்பு சல்பைடு தன் பளிங்கு அமைப்பை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் அதுவே. அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்து எழுதி அவளுக்கு அனுப்பினேன்.